பழைய சர்வரைப் புதுக் கட்டடத்துக்குப் பத்திரமாக மாற்றுவது எப்படி?

பல வருடம் நிற்காமல் ஓடிய சர்வரை அணைக்கும் நிமிடம்தான் இந்த இடமாற்றத்திலேயே ஆபத்து மிகுந்தது. குண்டும் குழியுமான சாலை, ஏற்றி இறக்கும் கைகள், புது அறையின் மின்சாரம் எல்லாம் அதற்கு அடுத்த கவலைகள். இந்த வேலையை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்கள் நல்ல பெட்டி, நல்ல ஸ்பாஞ்ச், நிதானமான டிரைவர் கிடைத்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். பெட்டி பத்திரமாகப் போய்ச் சேர்கிறது. உள்ளே இருக்கும் டிஸ்க் சுழல மறுக்கிறது.

காரணம் எளிது. ஓடிக்கொண்டே இருக்கும் டிஸ்க் ஒரே வேகத்தில், ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கிறது. அணைத்ததும் எல்லாம் ஆறிச் சுருங்குகிறது. வருடக்கணக்காகச் சூட்டில் இருந்த சால்டர் இணைப்புகளும் கனெக்டர் ஊசிகளும் லேசாக அசைந்துகொடுக்கின்றன. பேரிங் தேய்ந்திருந்தால் மோட்டாரால் சுழற்சியைத் தொடர முடியும், நின்ற இடத்திலிருந்து கிளம்ப முடியாது. கிளம்பும்போதுதான் மோட்டார் மிக அதிக மின்சாரத்தை இழுக்கும். அதே நேரத்தில் பவர் சப்ளையில் உள்ள கெப்பாசிட்டர்கள் உலர்ந்து பலமிழந்திருந்தால், எல்லா டிஸ்க்கும் ஒன்றாகக் கிளம்பும் அந்தச் சில நொடிகளை அவை தாங்காமல் போகலாம்.

ஆகவே திட்டத்தின் முதல் வரியாக இதை எழுதிக்கொள்ளுங்கள்: அணைத்த சர்வர் மறுபடி எழாது. எழாவிட்டாலும் வேலை நடக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து வருவதுதான்.

கொண்டுபோகத்தான் வேண்டுமா?

நீங்கள் மாற்ற வேண்டியது அந்த இரும்புப் பெட்டிக்குள் ஓடும் சேவையை. புதுக் கட்டடத்தில் ஒரு புது மெஷினை முன்பே வைத்து, பழைய சர்வரை அப்படியே விர்ச்சுவல் மெஷினாக (மென்பொருளாலேயே ஆன கம்ப்யூட்டராக) பிரதி எடுத்து அதில் ஓடவிட முடியுமானால், அதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. பழையது தன் இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். புதியது சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு பழையதை நிதானமாக அணைக்கலாம்.

எல்லோருக்கும் இது முடியாது. பழைய மென்பொருளின் லைசென்ஸ் ஒரு யுஎஸ்பி டாங்கிளிலோ (செருகினால்தான் மென்பொருள் ஓடும் சிறு சாவி) நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியிலோ (அந்தக் கார்டின் தனி அடையாள எண்) கட்டப்பட்டிருக்கும். ஏதோ ஒரு இயந்திரத்தோடு பேசுவதற்கான தனிக் கார்டு உள்ளே செருகப்பட்டிருக்கும். அந்த மென்பொருளை எழுதிய நிறுவனமே இப்போது இல்லாமலிருக்கும். அப்படியானால் பெட்டியைத் தூக்கித்தான் ஆக வேண்டும். அப்போதும் ஒரு பிரதியை விர்ச்சுவல் மெஷினாக எடுத்து வைக்க முயலுங்கள். அது அரைகுறையாக ஓடினால்கூட, அவசரத்துக்குத் தகவலை எடுத்துப் பார்க்க உதவும்.

பேக்கப் இருப்பதும் அது வேலை செய்வதும் ஒன்றல்ல

தினமும் இரவு பேக்கப் ஓடுகிறது, பச்சை விளக்கு எரிகிறது என்பதெல்லாம் சான்று ஆகாது. அந்த பேக்கப்பை வேறொரு மெஷினில் திருப்பி ஏற்றி, டேட்டாபேஸைத் திறந்து, நேற்று பதிவான ஒரு கணக்கைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால்தான் அது பேக்கப். ஏற்றுவதற்கு எத்தனை மணி நேரம் பிடித்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றும் நாளில் ஏதாவது தவறினால், எவ்வளவு நேரம் கழித்து வேலை மீளும் என்று மற்றவர்களுக்குச் சொல்ல அந்தக் கணக்குதான் தேவைப்படும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற பழைய விதி இங்கே அப்படியே பொருந்தும். அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: சர்வர் போகும் வண்டியில் பேக்கப் போகக்கூடாது. இரண்டும் ஒரே விபத்தில் சிக்கக்கூடாது.

ஃபைல்களை மட்டும் எடுத்தால் போதாது. முழு டிஸ்க்கின் இமேஜ், அதாவது உள்ளதை உள்ளபடி எடுத்த நகல் ஒன்றும் வேண்டும். பழைய சர்வரில் யார், எப்போது, எந்த அமைப்பை மாற்றினார்கள் என்று பெரும்பாலும் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அதையெல்லாம் அப்படியே பிடித்து வைப்பது இமேஜ் மட்டுமே.

புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஒருமுறை அணைத்துப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்களானால் இதை வையுங்கள். ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதே என்று பலரும் தடுப்பார்கள். ஆனால் இடமாற்ற நாளில் எப்படியும் அணைக்கத்தான் போகிறீர்கள். வரப்போகும் கோளாறு, உங்களுக்குத் தெரிந்த இடத்தில், கேபிள் எதையும் கழற்றாத நிலையில், உதவிக்கு ஆட்கள் இருக்கும் நேரத்தில் வரட்டும்.

முதலில் பேக்கப்பைச் சரிபார்த்துவிட்டு, வெறும் ரீஸ்டார்ட் மட்டும் செய்யுங்கள். இதில் வெளிவருவது பெரும்பாலும் மென்பொருள் சிக்கல்கள். யாரோ கையால் தொடங்கி வைத்த ஒரு சர்வீஸ் தானாகத் தொடங்காது. நினைவகத்தில் மட்டும் சேர்த்த, நெட்வொர்க் வழியைச் சொல்லும் ஒரு ரூட்டிங் விதி காணாமல் போயிருக்கும். டிஸ்க் என்க்ரிப்ட் செய்யப்பட்டிருந்தால் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும், அது யாருக்கும் நினைவிருக்காது. பழைய லினக்ஸில் ஈஎக்ஸ்டி3 வகை ஃபைல் சிஸ்டம் இருந்தால், கடைசியாகச் சோதித்து 180 நாள் ஆகிவிட்டது என்று சொல்லி முழுச் சோதனையைத் தொடங்கலாம். பெரிய டிஸ்க்கில் அது மணிக்கணக்கில் ஓடும். பயந்து பட்டனை அழுத்தி நிறுத்திவிடாதீர்கள், முடியும்வரை விடுங்கள்.

இதெல்லாம் சரியான பிறகு இரண்டாவது முறை முழுவதுமாக அணைத்து, பவர் கேபிளையும் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, பிறகு ஆன் செய்யுங்கள். டிஸ்க்கும் பவர் சப்ளையும் எந்த நிலையில் இருக்கின்றன என்று இந்தச் சோதனை சொல்லிவிடும். இதற்கு முன் அதே வகை டிஸ்க் ஒன்றிரண்டும், முடிந்தால் ஒரு பவர் சப்ளையும் கையில் இருக்கட்டும். பழைய மாடல்களுக்கு உதிரி பாகம் உடனே கிடைக்காது. இரட்டைப் பவர் சப்ளை இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாக வைத்து ஓட்டிப் பாருங்கள். ஒன்று எப்போதோ செயலிழந்து, மற்றொன்றே எல்லாவற்றையும் சுமந்துகொண்டிருப்பது நாம் நினைப்பதைவிடச் சாதாரணம்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையையும் இப்போதே எடுத்துவிடுங்கள். வருடத்துக்கு 8,760 மணி நேரம். ஓடிய நேரம் 50,000 மணி என்று காட்டினால் அந்த டிஸ்க் ஐந்தரை வருடத்தைத் தாண்டிவிட்டது. நேரத்தைவிட முக்கியமானவை மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள் (பழுதானதால் வேறிடத்துக்கு மாற்றிய டிஸ்க்கின் சிறு பகுதிகள்), காத்திருக்கும் செக்டார்கள் (பழுது என்று சந்தேகப்படுபவை) என்ற எண்ணிக்கைகள். அவை பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். இந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும் டிஸ்க்கைப் புறப்படும் முன்பே மாற்றிவிடுங்கள். ரெய்ட் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் அமைப்பு) இருந்தால் முழு ஒப்புநோக்கும் சோதனை ஒன்றை ஓடவிடுங்கள். யாரும் படிக்காமல் கிடந்த மூலைகளில் உள்ள பழுது அப்போதுதான் வெளியே வரும்.

நாணய அளவு பேட்டரி

மதர்போர்டில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி இருக்கும். மின் இணைப்பு இருக்கும்வரை அதன் தேவை தெரியாது. பிடுங்கியதும் பயாஸ் (மெஷினை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளையும் கடிகாரத்தையும் காப்பது அது மட்டுமே. பத்து வருடப் பழைய சர்வரில் அது செத்திருக்க வாய்ப்பு அதிகம். செத்திருந்தால் பூட் வரிசை மாறும், டிஸ்க் கன்ட்ரோலர் ரெய்ட் நிலையிலிருந்து சாதாரண நிலைக்குப் போகும், சர்வர் எந்த டிஸ்க்கையும் காணவில்லை என்று சொல்லும். உள்ளே தகவல் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் பார்ப்பவருக்கு எல்லாம் போய்விட்டது போலத் தோன்றும்.

தேதி பின்னோக்கிப் போவதும் சின்ன விஷயமல்ல. பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை ஆகிவிடும். விண்டோஸ் டொமைனில் கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை முறை வழியாக லாகின் செய்யும்போது, இரு மெஷின்களின் நேரத்துக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இயல்பான அமைப்பில் அனுமதி கிடைக்காது.

சோதனை ரீஸ்டார்ட்டின்போதே பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும், ரெய்ட் கார்டின் பக்கங்களையும் போட்டோ எடுத்து வைத்துவிட்டு, முழுவதுமாக அணைத்த நேரத்தில் புதுப் பேட்டரி போட்டுவிடுங்கள். ரெய்ட் கார்டில் தனியாக ஒரு பேட்டரி இருக்கலாம். டிஸ்க்கில் இன்னும் எழுதப்படாத தகவலை மின்சாரம் போன நேரத்தில் அது காக்கிறது. வயதான சர்வரில் அதை நம்பாதீர்கள். எப்போதும் இயங்குதளத்தின் வழியாகவே முறையாக ஷட் டவுன் செய்யுங்கள்.

காகிதத்தில் எழுதுங்கள்

காகிதம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாஸ்வேர்டு பட்டியல், நெட்வொர்க் வரைபடம், எல்லாம் பல அலுவலகங்களில் அந்த சர்வரிலேயே இருக்கும். அது படுத்துவிட்டால் அதை எழுப்பும் வழியும் அதோடு படுத்துவிடும்.

ஐபி முகவரிகள், ஓடும் சர்வீஸ்கள், நேரம் வைத்து ஓடும் வேலைகள், எந்த டிஸ்க் எந்த ஸ்லாட்டில் என்ற வரிசை எண், அட்மின் பாஸ்வேர்டுகள், லைசென்ஸ் சாவிகள் ஆகியவற்றை அச்சிட்டு இரண்டு பேர் தனித்தனியாக வைத்திருங்கள். பின்பக்கத்தைக் கேபிள்களோடு போட்டோ எடுங்கள். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் லேபிள் ஒட்டுங்கள். டிஸ்க் ஒவ்வொன்றின் மீதும் ஸ்லாட் எண்ணை எழுதுங்கள்.

விஜிஏ மானிட்டர், பழைய கீபோர்டு இரண்டும் தயாராக இருக்கிறதா பாருங்கள். பழைய சர்வரின் ரிமோட் கன்சோல் (அதன் திரையைத் தூரத்திலிருந்து காட்டும் வசதி) இன்றைய பிரவுசரில் திறக்காமல் போவது வழக்கம்.

புது அறையை முன்பே போய்ப் பாருங்கள்

கட்டடம் தயார் என்று சொன்னால் நாற்காலியும் விளக்கும் தயார் என்று அர்த்தம். சர்வருக்கு வேண்டியது வேறு. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள். அந்த லைனில் காபி மெஷினோ ஏசியோ சேர்ந்திருக்கக்கூடாது. பெரிய சர்வர்களில் செருகும் பவர் கேபிளின் முனை சி13 வகையா, கனமான சி19 வகையா என்று பார்த்து, அதற்கேற்ற கேபிளும் பவர் ஸ்ட்ரிப்பும் வாங்கிவிடுங்கள். யுபிஎஸ்ஸைப் புதிதாக வைப்பதானால், சர்வர் கிளம்பும் நேரத்து இழுவையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

குளிர்ச்சிக்குக் கணக்கு எளிது. சர்வர் இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் வெப்பமாக வெளியே வரும், 1 வாட்டுக்கு மணிக்கு 3.41 பிடியு (வெப்பத்தின் அலகு). 500 வாட் சர்வர் மணிக்குச் சுமார் 1,700 பிடியு வெப்பம் தரும். ஒரு டன் ஏசியின் திறன் மணிக்கு 12,000 பிடியு. ஆக, ஏசியின் அளவு பொதுவாகப் பிரச்சினை ஆகாது. இரவிலும் விடுமுறையிலும் கட்டடத்தின் மைய ஏசியை அணைத்துவிடுகிறார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மூடிய சின்ன அறை சில மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது ஆஷ்ரே என்ற குளிரூட்டல் பொறியாளர் அமைப்பின் பரிந்துரை.

அண்ணாந்தும் பாருங்கள். ரேக்குக்கு (சர்வர்களை அடுக்கும் சட்டம்) நேர் மேலே தண்ணீர்க் குழாயோ ஏசியின் வடிகாலோ போகக்கூடாது. லிப்ட், கதவு, ரேக்கின் ஆழம் மூன்றையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். பழைய ரேக்கின் ரெயில்களைக் கழற்றி மறக்காமல் எடுத்துப் போங்கள், அந்த மாடலுக்கு வேறு ரெயில் கிடைப்பது கஷ்டம்.

இணைய இணைப்புக்குச் சீக்கிரம் விண்ணப்பியுங்கள். கட்டடம் மாறினால் பொது ஐபி முகவரியும் மாறலாம். மாறுவதானால் டிஎன்எஸ் (பெயருக்குரிய ஐபி முகவரியைச் சொல்லும் இணையப் பட்டியல்) பதிவுகளின் ஆயுட்காலத்தை, உதாரணமாக 86,400 நொடியிலிருந்து 300 நொடிக்கு, இரண்டு நாள் முன்பே குறைத்து வையுங்கள். மாற்றும் நாளில் குறைத்தால் பயனில்லை, பழைய முகவரியை எல்லோரும் ஒரு நாள் வரை நினைவில் வைத்திருப்பார்கள். மெயில் சர்வர் என்றால் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸையும் (முகவரியிலிருந்து பெயரைச் சொல்வது) எஸ்பிஎஃப் பதிவையும் (எந்த முகவரியிலிருந்து உங்கள் மெயில் வரலாம் என்று சொல்வது) சேர்த்து மாற்ற வேண்டும்.

மாற்றும் நாள்

வெள்ளிக்கிழமை இரவு தொடங்குவதைப் பலரும் விரும்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாள் முழுக்க வேலை பார்த்துக் களைத்த கைகளும், மூடிய கடைகளும், தொலைபேசியை எடுக்காத உதவி மையங்களும் சேர்ந்து வரும் நேரம் அது. விடுமுறை நாளின் காலையில், தூங்கி எழுந்த இரண்டு பேரோடு தொடங்குங்கள். மாதக் கடைசியையும் சம்பள வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். முந்தைய ஒரு வாரம் சர்வரில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது.

காலையில் பயனர்களை வெளியேற்றி, கடைசி பேக்கப்பை எடுத்து, அது முடிந்ததை உறுதி செய்யுங்கள். பிறகு முதலில் அப்ளிகேஷன், அடுத்து டேட்டாபேஸ், அதன்பின் சர்வர், தனியாக டிஸ்க் பெட்டி இருந்தால் கடைசியாக அது என்ற வரிசையில் அணையுங்கள். விளக்கு அணைந்தாலும் டிஸ்க்கின் தட்டுகள் இன்னும் சில நொடி சுழலும், ஒரு நிமிடம் பொறுத்து அசையுங்கள். 3.5 அங்குல டிஸ்க்குகள் பலவும் நின்ற நிலையில் 250 ஜி (புவியீர்ப்பைப் போல 250 மடங்கு) அளவுக்கான குறுகிய அதிர்ச்சியைத் தாங்கும்படி செய்யப்பட்டவை, ஓடும்போது அந்தத் தாங்குதிறன் சுமார் 70 ஜி மட்டுமே. புதிய டிஸ்க்குக்குச் சொன்ன கணக்கு அது, வயதானதற்கு இன்னும் குறைவாகவே எதிர்பாருங்கள்.

டிஸ்க்குகளைக் கழற்றிக் கொண்டுபோவதா, உள்ளேயே விடுவதா என்பதில் இரண்டு கருத்து உண்டு. அடுத்த தெருவுக்குப் போவதென்றால் உள்ளேயே விடலாம். நீண்ட சாலைப் பயணம் என்றால் கழற்றுவதே நல்லது. பெட்டி இலேசாகும், டிஸ்க்குகள் ஒவ்வொன்றையும் ஆன்ட்டிஸ்டேட்டிக் கவரில் இட்டு, தடித்த ஸ்பாஞ்சுக்குள் வைத்து, உங்கள் காரில் உங்கள் கண்ணெதிரில் கொண்டுபோகலாம். அதில் இருப்பது மற்றவர்களின் தகவல், வண்டியில் தனியாக விட்டுப் போக வேண்டாம். சாதாரண பிளாஸ்டிக் பை, தெர்மோகோல் துண்டுகள் நிலைமின்சாரம் உண்டாக்கும், டிஸ்க்கோடு அவற்றைச் சேர்க்காதீர்கள்.

ரேக்கைக் காலி செய்யும்போது மேலிருந்து கீழே வாருங்கள், புது ரேக்கில் கீழிருந்து மேலே நிரப்புங்கள். இல்லாவிட்டால் ரேக் கவிழும். டிஸ்க் நிறைந்த 2யு (ரேக்கில் இரண்டு அலகு உயரமுள்ள) சர்வர் 25 கிலோவுக்கு மேல் இருக்கலாம், ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது. பெட்டியைப் படுக்கை நிலையிலேயே, இருக்கையின் மீதல்லாமல் வண்டியின் தரையில், கனத்த ஸ்பாஞ்சின் மேல் வைத்துக் கட்டுங்கள். வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

முதல் ஆன்

குளிர்ந்த அறையிலிருந்து ஈரமான வெப்பக் காற்றுக்கு வந்த உலோகத்தின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். அறைக்குள் வைத்து, சுற்றியதைப் பிரிக்காமல் சில மணி நேரம் விடுங்கள். பிறகு மூடியைத் திறந்து, பயணத்தில் தளர்ந்த மெமரி, கார்டு, கேபிள் எல்லாவற்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதும்போது ஃபேன் சுழலாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பிராசஸரின் மேல் உள்ள ஹீட்சிங்கைக் கழற்றவே வேண்டாம்.

டிஸ்க்குகளை எழுதிய எண்ணின்படி அதே ஸ்லாட்டில் செருகுங்கள். முதலில் நெட்வொர்க் சுவிட்ச், பிறகு டிஸ்க் பெட்டி, அது முழுவதும் தயாரான பின் சர்வர் என்ற வரிசையில் ஆன் செய்யுங்கள். நெட்வொர்க் கேபிளை இன்னும் செருகாமல், மானிட்டர் முன்னால் உட்கார்ந்து பாருங்கள்.

ரெய்ட் கார்டு, டிஸ்க்குகளில் பதிந்திருக்கும் ரெய்ட் அமைப்பைத் தன்னுடையதாக அடையாளம் காணாமல், அந்நிய அமைப்பு (ஃபாரின் கான்ஃபிகரேஷன்) கண்டறியப்பட்டது என்று ஒரு செய்தியைக் காட்டக்கூடும். இங்கேதான் நிறையத் தகவல் அழிகிறது. அதில் இறக்குமதி செய், அழி என்ற இரு தேர்வுகள் இருக்கும். அழி என்பதையோ, வேறெங்காவது வரும் இனிஷியலைஸ் என்பதையோ தொடக்கூடாது. எல்லா டிஸ்க்கும் தெரிகிறதா என்று எண்ணுங்கள். குறைந்தால் எதையும் தேர்வு செய்யாமல் அணைத்து, காணாத டிஸ்க்கைக் கழற்றிச் செருகி மறுபடி பாருங்கள். எல்லாம் தெரிந்த பிறகே இறக்குமதி செய்யுங்கள்.

ஒரு டிஸ்க் எழவே இல்லை, ஆனால் ரெய்ட் 5 தாங்கிக்கொண்டு சர்வர் ஓடுகிறது என்றால், உடனே புது டிஸ்க்கைச் செருகி மறுகட்டுமானத்தைத் தொடங்கிவிடத் தோன்றும். பொறுங்கள். கடைசி பேக்கப் முழுமையானதுதானா என்று முதலில் பாருங்கள், சந்தேகம் இருந்தால் இன்னொன்று எடுங்கள். மறுகட்டுமானம் மீதமுள்ள ஒவ்வொரு டிஸ்க்கையும் முழுவதுமாகப் படிக்கும். அவையும் அதே வயதுதான்.

கடிகாரம் சரியா, சர்வீஸ்கள் எல்லாம் எழுந்தனவா, ஃபேன்கள் சுழல்கின்றனவா என்று பார்த்த பிறகு நெட்வொர்க்கை இணையுங்கள். தினமும் அதைப் பயன்படுத்தும் ஒருவரை அழைத்து, வழக்கமான வேலை ஒன்றை முழுவதும் செய்யச் சொல்லுங்கள். பில் போடுவதென்றால் பிரிண்டரில் காகிதம் வெளியே வரும்வரை. சரியாக வந்தால் அன்றே புது பேக்கப் ஒன்றை எடுங்கள், ஏனென்றால் பேக்கப் வேலை பழைய முகவரியைத் தேடிக்கொண்டு ஓசையில்லாமல் தோற்றுக்கொண்டிருக்கலாம்.

பயணத்தின் பாதிப்பு உடனே தெரிந்துவிடுவதில்லை. முதல் ஒரு மாதம் வாரம் ஒருமுறை ஸ்மார்ட் அறிக்கையை எடுத்து, புறப்படும் முன் எடுத்ததோடு ஒப்பிடுங்கள். அறையின் வெப்பநிலையை ஒரு விடுமுறை நாளின் மதியத்தில் நேரில் போய்ப் பாருங்கள். பழைய கட்டடத்தின் இணைய இணைப்பை இரண்டு வாரமாவது துண்டிக்காமல் வைத்திருங்கள். வாங்கி வைத்த உதிரி டிஸ்க்குகளை ரேக்கின் பக்கத்திலேயே, அவற்றின் மாடல் எண் தெரியும்படி வைத்துவிட்டு, இதே சர்வருக்கு மாற்று வாங்கும் கோரிக்கையை அந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.